0-0-1: அசோக் நகர் – மயிலாப்பூர் – அடையாறு – தி.நகர், ஒரு தூக்க யாத்திரை

தூக்கம் வராதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரின் வரவேற்பறையில் குறட்டை விட்டுத் தூங்கிய ஆள் நானாகத்தான் இருப்பேன். என்னைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மாதக் கணக்கில் தூங்காதவர்கள். அவர்கள் நடுவில் நான் வாயைப் பிளந்துகொண்டு ரயில் ஓட்டியிருக்கிறேன். நர்ஸ் வந்து தோளைத் தட்டி, "சார், பேஷண்ட் நீங்களா, உங்க பொண்ணா?" என்று கேட்டார். எதிரில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பொறாமைதான் இருந்தது.

வழக்கமாக இந்தப் பயணப் பக்கத்தில் குற்றாலம், கொல்லிமலை, ராமேஸ்வரம் என்று எழுதுவேன். இந்தமுறை மொத்தம் இருபத்திரண்டு கிலோமீட்டர்தான், அதுவும் ஊருக்குள்ளேயே. ஆனால் இதே தூரத்தை இதே காரணத்துக்காகக் கடக்கப்போகிறவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் காரணம். என் மகள் இந்துவுக்கு இருபத்துநான்கு வயது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. மாலை ஆறரைக்கு வண்டி வரும், விடிகாலை ஐந்தரைக்குக் கொண்டுவந்து விடும். நான் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சட்டைத் துணி கவுண்டரில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். மனைவி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள், காலை எட்டரைக்கே கிளம்பிவிடுவாள். பகலில் வீட்டில் இந்து தனியாகத் தூங்க வேண்டும். தூங்க விடுவது யார்? கூரியர், கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்க வரும் கீழ்வீட்டு அம்மா, எல்லோரும் மணி அடிப்பார்கள். 'பகலில் பெண் தூங்குகிறாள், அடிக்காதீர்கள்' என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ராத்திரி எங்கே போகிறாள் என்று கேட்பார்களே. போன வருடம் ஒரு வரன் கிட்டத்தட்ட முடிவாகும் நிலையில், "நைட் ஷிஃப்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனை வைத்தார்கள். அதிலிருந்து யார் கேட்டாலும், "ஐ.டி. கம்பெனி, நல்ல டைமிங்" என்பேன்.

மூன்று மாதமாக அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத் தூக்கம்கூட இல்லை. மெலடோனின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, அலுவலகத்தில் பலர் போடுகிறார்கள், டாக்டரைக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னாள். "நீ தூங்கு, நான் கேட்டுட்டு வரேன்" என்றேன்.

எந்த டாக்டரையும் நான் பார்க்கவில்லை. நேராக மயிலாப்பூரில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். அசோக் நகர்க் கடைகளில் என்னைத் தெரியும் என்பதால் ஏழு கிலோமீட்டர் தள்ளிப் போனேன். போய் கவுண்டரில் கை வைத்தால், பக்கத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் நிற்கிறார்.

கடைக்காரர் கேட்டார்: "மூணு மில்லி இருக்கு, அஞ்சு இருக்கு, பத்து இருக்கு. எது?"

"பத்தே குடுங்க." சட்டைத் துணி மாதிரி நினைத்துவிட்டேன். கூட இருந்தால் நல்லதுதானே.

"யாருக்கு சார்? எத்தனை மணிக்குப் படுப்பாங்க?"

செயலாளரின் காது என் பக்கம் இருந்தது. "பொண்ணுக்கு. எல்லாரையும் போல ராத்திரி பத்து மணிக்குத்தான்" என்றேன்.

கடைக்காரர் மாத்திரைக் கவரின்மேல் 0-0-1 என்று எழுதினார். காலை இல்லை, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. நம் ஊரில் எல்லோருக்கும் புரிகிற கணக்கு. "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று வாயாலும் சொன்னார். அவர்மேல் தப்பே இல்லை.

வீட்டுக்கு வந்து, "மயிலாப்பூர்ல ஒரு பெரிய டாக்டர் எழுதிக் குடுத்தார்" என்றேன். இந்து கவரைப் பார்த்துவிட்டு, "ராத்திரியாப்பா? ராத்திரி நான் வேலையில இருப்பேனே?" என்று கேட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "டாக்டர் சொல்லிட்டாரும்மா. ராத்திரி போட்டா உடம்புல மெதுவா ஏறி, காலைல வேலை செய்யும்" என்றேன். பிளஸ் டூவில் உயிரியலில் நான் எடுத்தது முப்பத்தெட்டு. அவளுக்கு எதிர்த்துக் கேட்கும் தெம்பு இல்லை. அன்றிலிருந்து அவளுடைய டிபன் பாக்ஸ் மூடியில் தினம் ஒரு மாத்திரையை டேப் போட்டு ஒட்டி அனுப்பினேன். அக்கறையான அப்பா.

மூன்றாம் நாள் ராத்திரி பத்தரைக்குச் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பதினொன்றரைக்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்தவள், கேமரா முன்னாலேயே மேஜையில் தலை சாய்ந்துவிட்டாள். அடுத்த நாள் கடிதம் வந்தது: முப்பது நாள் கண்காணிப்பு. உடல்நலக் காரணம் இருந்தால் புதன்கிழமைக்குள் டாக்டர் கடிதம் தரவேண்டும், இல்லாவிட்டால் வேலை நிச்சயமில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. அடையாறில் தூக்கத்துக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரிடம் பத்தரை மணிக்கு நேரம் கிடைத்தது. அதுதான் இந்தப் பயணம்.

காலை 5.40-க்கு இந்து வீடு வந்தாள். குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். நானும் ராத்திரி முழுக்க விழித்துத்தான் இருந்தேன், குற்ற உணர்ச்சிக்கு மாத்திரை கிடையாது. 8.30-க்கு ஆட்டோ ஏறுகிற நேரத்தில் அவள் சொன்னாள்: "அப்பா, இதுக்கு முன்னாடி பார்த்த டாக்டரோட சீட்டு இருந்தா எடுத்துட்டு வரச் சொன்னாங்க கிளினிக்ல. போற வழியில மயிலாப்பூர் டாக்டர்கிட்ட வாங்கிட்டுப் போயிடலாம்."

இல்லை என்று சொல்ல அந்த நிமிடம் போதுமானதாக இருந்தது. நான் சொன்னது, "சரிம்மா."

அசோக் நகர் – மயிலாப்பூர் ஏழரை கிலோமீட்டர், ஆட்டோ 190 ரூபாய். காலை எட்டரைக்குக் கிளம்புகிறவர்கள் தேனாம்பேட்டை சிக்னலுக்கென்று கால் மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காகத் தெருவுக்குத் தெரு திருப்பிவிடுகிறார்கள். போன மாதம் நேராகப் போன வழியில் இந்த மாதம் தடுப்பு இருக்கிறது. இந்து வழி முழுக்கக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவள் தூங்கவில்லை என்பது இமை துடித்ததில் தெரிந்தது. நான் இரண்டு பக்கமும் பூட்டிய ஷட்டராகத் தேடிக்கொண்டே வந்தேன். மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கிடைத்தது.

"இங்கதான். நிறுத்துங்க" என்றேன். "அடடா, டாக்டர் இன்னைக்கு லீவு போலிருக்கே."

ஆட்டோக்காரர் ஐம்பது வயதுக்காரர். வண்டியை நிறுத்தி, ஷட்டரைப் பார்த்து, என்னைப் பார்த்தார். "இன்னா சார், எந்த டாக்டரு?"

"இங்க ஒரு டாக்டர் இருக்காரே."

"இந்தத் தெருவுல டாக்டரே கெடையாது சார். காத்தால அசோக் நகருக்கு ஒரு சவாரி வந்தேன், மத்தபடி முப்பது வருசமா இங்கதான் ஸ்டாண்டு போட்டுக்கினு கீறேன். இது கல்யாணத்துக்கு வாடகைக்குப் பாத்திரம் குடுக்கற கடை. மேல பாரு, போர்டு கீது."

மேலே பார்த்தேன். கை அகல எழுத்தில் எழுதியிருந்தது. கூடவே இட்லிக் கொப்பரை படம் வேறு.

"மாடியில" என்றேன்.

"மாடில தையல் கிளாசு. எம் பொண்ணே அங்கதான் போய்க்கினு கீது."

"அப்போ இடம் மாத்திட்டார் போல. சரி, அடையாறுக்கு விடுங்க."

"டாக்டரு சொல்லாம கொள்ளாம பூட்டாரா?" என்று அவர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். "நம்ம சீட்டுப் பணம் புடிச்சவன் மாதிரி கீது."

திரும்பி இந்துவைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. நல்லவேளை, அசந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளி வழியாகப் பாலம் தாண்டி அடையாறு காந்தி நகர், நாலரை கிலோமீட்டர், இன்னொரு 130 ரூபாய். 9.50-க்கு வந்துவிட்டோம். கிளினிக் முதல் மாடியில், லிஃப்ட் இல்லை. முதல்முறை கட்டணம் 900 ரூபாய். தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள், கீழே கடை எதுவும் இல்லை. ஏசி பலமாக இருக்கும், நாற்காலிக்கு மெத்தை உண்டு. அப்புறம் நடந்ததை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சிரிக்காமல் தமாஷ் பேசுகிறவர். "குறட்டை இங்க வரைக்கும் கேட்டது. உங்களுக்கும் ஒருநாள் டெஸ்ட் எடுக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இந்து பக்கம் திரும்பி அரைமணி நேரம் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், வரும்போது வண்டியில் எந்தப் பக்கம் உட்காருகிறாய், காபி எப்போது, வேறு மாத்திரை ஏதாவது உண்டா, தைராய்டு பார்த்தாயா. பிறகு மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"பத்து மில்லிகிராமா? முதல்முறைக்கே? எப்ப போட்ட?"

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டாக்டர்."

"அதாவது வேலை நடுவுல." அவர் அட்டையை மேஜையில் வைத்தார். "மெலடோனின் அடிச்சுப் போடற தூக்க மாத்திரை கிடையாது. நம்ம உடம்பே இருட்டினதும் அதைச் சுரக்கும். நேரமாச்சு, கடையை எடுத்து வைங்கன்னு சொல்ற வாட்ச்மேன் மாதிரி. நீ வியாபாரம் சூடா நடக்கும்போது வாட்ச்மேனை உள்ள விட்டிருக்க. அவன் ஷட்டரை இறக்கிட்டான்."

ஜவுளிக் கடைக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. எங்கள் கடையில் ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ச்மேன் பாதி ஷட்டரை இறக்கியதும், அதுவரை பம்பரமாகச் சுழன்ற எல்லோருக்கும் கொட்டாவி வரும்.

டாக்டர் கடிதம் எழுதப் பேனாவை எடுத்தார். "இந்த நேரத்துக்குப் போடச் சொன்னது யார்? எந்த டாக்டர்? அதை எழுதணும்."

இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று நாற்காலி நுனிக்கு வந்தேன்.

"யாரும் இல்ல டாக்டர்" என்றாள் இந்து. "நானே கடையில வாங்கிட்டேன். அவங்க எப்ப தூங்குவீங்கன்னு கேட்டாங்க. நைட் ஷிஃப்ட்னு நான் சொல்லல."

கடைக்காரர் என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன் என்று இவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆட்டோவில் இவள் தூங்கவே இல்லை. பாத்திரக் கடையையும் கவரில் இருந்த 0-0-1-ஐயும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"படிச்ச பொண்ணு, இப்படிப் பண்ணலாமா?" என்று டாக்டர் கேட்டார். "சாரி டாக்டர்" என்றாள். நான் நாற்காலியில் மறுபடி பின்னால் சாய்ந்துகொண்டேன். தானாக வாங்கி, தெரியாமல் தவறான நேரத்தில் போட்டுக்கொண்டதால் வந்த தூக்கம், இப்போது சிகிச்சையில் இருக்கிறார், வேலை செய்யத் தடையில்லை என்று கடிதம் எழுதப்பட்டது. என் தப்பு அவள் பேரில், கிளினிக் முத்திரையோடு.

பிறகு டாக்டர் வீட்டுக்கான வேலைகளைச் சொன்னார். குறைந்த அளவு மாத்திரை, காலை வீடு வந்ததும், ஒரு மாதத்துக்கு மட்டும். போட்டபின் ஸ்கூட்டரைத் தொடக்கூடாது. வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், காலை வெளிச்சம் பட்டால் உடம்பு இது பகல் என்று முழித்துக்கொள்ளுமாம். படுக்கும் அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும். விடுமுறை நாளிலும் நேரத்தை அடியோடு மாற்றக்கூடாது.

"காலிங்பெல் யார் யார் அடிக்கறாங்க?" என்று கேட்டார். இந்து பட்டியல் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "கதவுல ஒரு போர்டு மாட்டுங்க சார். நைட் டூட்டி பார்த்துட்டு தூங்கறாங்கன்னு. மாத்திரையைவிட அது நல்லா வேலை செய்யும். இதுவரைக்கும் ஏன் மாட்டல?"

"தோணல" என்றேன்.

11.45-க்கு வெளியே வந்தோம். இந்துவை நேராக வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லி ஒரு வாடகைக் காரில் ஏற்றிவிட்டேன். மாலை ஆறரைக்குத் திரும்ப வேலைக்குப் போக வேண்டும், கடிதத்தைக் கொடுக்க வேண்டும். நான் தி.நகருக்கு பஸ் ஏறினேன். சாதாரண பஸ், ஒன்பது ரூபாய், நந்தனம் சிக்னல் வரை நின்றுகொண்டுதான்.

எங்கள் கடையிலேயே திரைச்சீலைப் பிரிவு இருக்கிறது. அங்கே இருக்கும் சண்முகம், "இன்னா மாமா, லீவு நாள்லகூடக் கடையை விட்டு இருக்க முடியலயா?" என்று ஆரம்பித்தான். வெளிச்சம் துளியும் உள்ளே வராத துணி வேண்டும் என்றேன். துணியை விரித்து, பின்னால் செல்போன் டார்ச் அடித்துக் காட்டினான். இப்படித்தான் வாங்க வேண்டும், கையால் தடவிப் பார்த்து ஏமாறாதீர்கள். பின்புறம் ரப்பர் பூச்சு போட்டதாக எடுத்தால் டார்ச் வெளிச்சம்கூட வராது. இரண்டு ஜன்னலுக்கு ஊழியர் தள்ளுபடி போக 1,640 ரூபாய்.

"வீட்ல இப்ப என்ன துணி மாமா போட்டிருக்கீங்க?"

"வெள்ளை வாயில் துணி. கண்ணாடி மாதிரி மெல்லிசு."

"இருபத்தாறு வருசம் துணி வித்தவர் பேசற பேச்சா இது?"

காற்றோட்டம் என்று நினைத்துப் போட்டது.

ரங்கநாதன் தெரு பக்கத்தில் நடைபாதையில் கறுப்புக் கண்ணாடி 150 ரூபாய். அதற்கு இரண்டு கடை தள்ளி, ஸ்டிக்கரும் பெயர்ப்பலகையும் வெட்டித் தரும் ஒரு சின்னக் கடை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"வாசகம் சொல்லுங்க சார்."

"வீட்டில் வயதானவர் ஓய்வெடுக்கிறார், மணி அடிக்க வேண்டாம்."

தட்டச்சு செய்துகொண்டே, "யாரு சார், அப்பாவா?" என்று கேட்டார்.

"இல்ல."

"மாமனாரா?"

"இல்லம்மா. பொண்ணு. இருபத்துநாலு வயசு."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். டாக்டர் முன்னால் அவள் "சாரி" சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. "அழிச்சிடுங்க" என்றேன். "இப்படிப் போடுங்க: இரவுப் பணி முடித்து என் மகள் தூங்குகிறாள். காலை 7 முதல் மதியம் 2 வரை மணி அடிக்க வேண்டாம்."

"இது நல்லாருக்கு" என்றார். 120 ரூபாய், பத்து நிமிடம்.

2.20-க்கு வீடு. பூனைபோலக் கதவைத் திறந்து பார்த்தேன். இந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் துப்பட்டாவை மாட்டியிருந்தாள். போர்டைக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது செயலாளர் படியேறி வந்தார். நின்று, இரண்டு முறை படித்தார்.

"ராத்திரி வேலையா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம். ஒண்ணரை வருசமா."

"எங்க வீட்டுப் பையனும்தான். யார்கிட்டயும் சொல்றதில்ல. அன்னைக்கு மயிலாப்பூர்ல நானும் அந்த மாத்திரைதான் வாங்க வந்தேன். நீங்க வந்து நின்னதும் வயித்துக் கோளாறு மாத்திரை வாங்கிட்டுத் திரும்பிட்டேன்." போர்டை விரலால் தடவிப் பார்த்தார். "இது எங்க அடிச்சீங்க?"

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. கடிதத்தை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். கண்காணிப்பு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. மேலாளர், "இனிமே நீங்களா மருந்து வாங்கிப் போடாதீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். இப்போது ஐந்தரை, ஆறு மணி நேரம் தூங்குகிறாள். மாத்திரையால் எவ்வளவு, திரைச்சீலையால் எவ்வளவு, போர்டால் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

கிளம்புகிறவர்களுக்கு: பேஷண்டைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குப் பதிலாக நீங்கள் போகாதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று கேட்டால் உண்மையான மணியைச் சொல்லுங்கள், பக்கத்தில் யார் நின்றாலும் சரி. கவரில் 0-0-1 என்று இருந்தால், அந்தக் கடைசி ஒன்று யாருடைய ராத்திரி என்று கேட்டு வாங்குங்கள். பெரிய நம்பர் நல்ல நம்பர் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்க என்று வேறு மாத்திரை போடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது என்று அந்த அம்மா இரண்டு முறை சொன்னார். நான் டாக்டர் இல்லை. ஒரே ஒருமுறை ஆகிப் பார்த்ததற்கே இவ்வளவு செலவு.

இந்து இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. "எதை எழுதினாலும் டிக்கெட் விலைதான் இருக்குப்பா" என்பாள். நேற்று காலை 5.45-க்குக் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினாள். கதவுக்கு முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போர்டை ஒருமுறை படித்தாள்.

"மயிலாப்பூர் டாக்டர் எப்படி இருக்கார்ப்பா?"

"பிராக்டீஸை விட்டுட்டார்ம்மா."

"நல்லது" என்று சிரித்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே அந்தக் கதவில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். உன் வேலையைச் சொல்ல நான் வெட்கப்பட்டேன், இந்து, அந்த வெட்கத்துக்கு நீ தண்டனை வாங்கினாய் என்று சொல்ல நினைத்தேன். உள்ளே விளக்கு அணைந்தது. தூங்கட்டும் என்று வந்துவிட்டேன்.